கம்பெனி போனது, மெஷின் ஓடுகிறது

போர்ட்லாந்திலிருந்து பசிபிக் கடற்கரைக்குப் போக இரண்டு மலைச்சாலைகள் உண்டு. 26-ஆம் எண் நெடுஞ்சாலை சீசைடு பக்கம் இறங்கும். அதற்குத் தெற்கே 6-ஆம் எண் சாலை டில்லமூக்குக்குப் போகும். ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்பினால் ஓரிகன் மாநிலத்தின் கடலோர மலைத்தொடரை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். மற்றவர்கள் கடலுக்காகப் போகும் வழி அது. நாங்கள் போனது மரம் அறுக்கும் பழைய செயின்சாக்களைப் பார்க்க.

என்னை அழைத்துப்போனவன் என் அத்தை மகன். ஹில்ஸ்பரோவில் சிப் தயாரிக்கும் ஆலை ஒன்றில் பொறியாளன். கரூரில் கல்லூரியில் படித்தபோது ஒரு ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருந்தான். அதை ஓட்டிய நேரத்தைவிடப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். அமெரிக்கா போனால் இந்தப் பழக்கம் விட்டுப்போகும் என்று அத்தை நம்பியிருந்தார். கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு அவன் கராஜைத் திறந்து காட்டினான். கார் வெளியே பனியில் நிற்க, உள்ளே அலமாரி முழுக்கச் செயின்சா. மஞ்சள் மெக்கலக், சிவப்பு ஹோம்லைட், சைலன்சர் கழன்றவை, பிஸ்டன் மட்டும் மிஞ்சியவை.

“எல்லாம் டூ-ஸ்ட்ரோக்தான் மாப்ள. ஆர்எக்ஸைப் பிரிச்சவனுக்கு இதுல புதுசா ஒண்ணும் இல்ல” என்றான்.

“அத்தைக்குத் தெரியுமா மச்சான்?”

“வீடியோ கால்ல கராஜ் பக்கம் போகவே மாட்டேன்.”

அவன் முதலில் என் கையில் கொடுத்தது ஹோம்லைட் எக்ஸ்எல்-12. 1963-இல் சந்தைக்கு வந்த மாடல். பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் சேர்க்காமல் எடை 12 பவுண்டு, ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ. ஒரு கையால் தூக்க முடிந்தது. அந்த எடைக்குப் பின்னால் முப்பத்தேழு வருஷக் கதை இருக்கிறது. 1926-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் செய்த முதல் மின்சாரச் செயின்சாவின் எடை 48 கிலோ. அதைப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். மூன்று வருஷம் கழித்து அவர் கொண்டுவந்த பெட்ரோல் மாடலும் 46 கிலோ. லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த மெக்கலக் நிறுவனம் 1948-இல் 49 பவுண்டில் ஒரு மாடலும், அடுத்த வருஷமே 25 பவுண்டில் ஒன்றும் வெளியிட்டது. பின்னதன் பெயர் 3-25. ஒற்றை ஆள் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறக்கூடிய செயின்சா என்று மரவெட்டிகள் கொண்டாடியது அதைத்தான்.

எடை மட்டுமே பிரச்சினையாக இருக்கவில்லை. தொடக்ககால மெஷின்களில் பைக்கில் இருப்பது போன்ற மிதவைக் கார்ப்பரேட்டர்தான் இருந்தது. பைக் நேராக நிற்கும் வண்டி, அதற்கு அது போதும். மரம் வெட்டுகிறவர் நிற்கிற மரத்தைச் சாய்க்கப் பாரைப் படுக்கையாகப் பிடிக்க வேண்டும், விழுந்த மரத்தைத் துண்டுபோடச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். மிதவை சாய்ந்தால் பெட்ரோல் வழிந்து இன்ஜின் நின்றுவிடும். அதனால் இன்ஜினை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு பாரை மட்டும் திருப்பிக்கொள்ளும் ஏற்பாடு செய்திருந்தார்கள். மிதவையை எடுத்துவிட்டு மெல்லிய டயஃப்ரம் ஒன்றை வைத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. கிராங்க் கேஸில் ஏறி இறங்கும் காற்றழுத்தமே பெட்ரோலை இழுத்துவிடும். மெஷினைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஓடும். டில்லட்சன் என்ற கம்பெனியின் டயஃப்ரம் கார்ப்பரேட்டர்கள் அந்தக் காலத்துச் செயின்சா பலவற்றில் இருக்கின்றன. இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மறுநாள் காலை 26-இல் ஏறினோம். ஊர் முடிந்து பண்ணைகள் முடிந்து டக்ளஸ் ஃபர் மரங்கள் இரண்டு பக்கமும் எழுந்து நின்றபோது, மச்சான் ஜோசப் காக்ஸின் கதையைத் தொடங்கினான். செயின்சாக்காரர்கள் எங்கே கூடினாலும் ஒருவராவது சொல்லிவிடுகிற கதை அது. காக்ஸ் ஓரிகனில் மரவெட்டியாக இருந்தவர். அப்போதைய செயினில் கைவாளில் இருப்பது போன்ற நேரான ஊசிப்பற்கள்தான் இருந்தன. மரத்தைச் சுரண்டித் தூளாக்கும், சீக்கிரம் மழுங்கும், வெட்டும் நேரத்துக்குப் போட்டியாக அரம் போடும் நேரம் போகும். 1946-இல் விறகு வெட்டிக்கொண்டிருந்த காக்ஸ், கட்டைக்குள் ஒரு வண்டுப் புழு குடைந்துகொண்டு போவதைப் பார்த்தார். விரல் பருமனுள்ள புழு. மரத்தின் ரேகை எந்தத் திசையில் ஓடினாலும் அதற்குக் கவலையில்லை. இரண்டு வளைந்த தாடைகளால் இடமும் வலமும் மாறிமாறிச் செதுக்கி எடுத்தது. அதே அமைப்பை அவர் இரும்பில் கொண்டுவந்தார். இடப்பக்கம் ஒரு கொக்கிப்பல், வலப்பக்கம் ஒரு கொக்கிப்பல், சுரண்டாமல் செதில் செதிலாகச் சீவும் செயின். 1947-இல் போர்ட்லாந்தில் தன் வீட்டின் நிலவறையில் கம்பெனி தொடங்கினார். இன்றும் அது ஓரிகன் என்ற பெயரில் செயின் விற்கிறது. இன்றைக்கு உலகில் ஓடும் செயின்சாக்களின் பல் பெரும்பாலும் அந்த வடிவத்தின் வழிவந்ததுதான்.

வெர்னோனியாவுக்குப் போக 47-ஆம் எண் சாலையில் வடக்கே திரும்ப வேண்டும். ஒரு காலத்தில் பெரிய மரமில் இருந்த ஊர். மில் 1957-இல் மூடியது. ஊரைத் தாண்டி ஒரு பண்ணையின் தானியக் கொட்டகைக்கு முன்னால் பிக்கப் வண்டிகள் வரிசையாக நின்றன. பழைய செயின்சா வைத்திருப்பவர்கள் அவ்வப்போது யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். நுழைவுச்சீட்டு கிடையாது, பரிசு கிடையாது. ஆளுக்கொரு மெஷினும், எல்லாருக்குமாகச் சாப்பாடும், வெட்டுவதற்கு இரண்டு மூன்று பெரிய கட்டைகளும்தான். வந்திருந்தவர்களில் ஓய்வுபெற்ற மரவெட்டிகள் சிலர். பள்ளிப் பேருந்து மெக்கானிக், பல் மருத்துவர், தாத்தாவின் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்த கல்லூரிப் பையன் என்று மற்றவர்கள் பலவகை.

பழைய மெஷினை வாங்குகிறவர் முதலில் என்ன பார்ப்பார் என்று கேட்டேன். பேருந்து மெக்கானிக் பதில் சொல்லாமல் ஒரு மெஷினின் ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். மெஷின் கயிற்றில் தொங்கியபடி ஒவ்வொரு அமுக்கத்துக்கும் தயங்கித் தயங்கி இறங்கியது. கம்ப்ரெஷன் இருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்றைத் தூக்கினார், கயிறு சரசரவென்று உருவிக்கொண்டு வந்தது. ரிங் போயிருக்கும், அல்லது பிஸ்டன் கீறியிருக்கும். அதற்கு அடுத்து சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துவாரம் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பார்ப்பார்கள். மேலும் கீழுமாகக் கோடு விழுந்திருந்தால் எண்ணெய் இல்லாமலோ காற்று இழுத்தோ ஓடிய மெஷின் அது.

கம்ப்ரெஷன் இருந்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் எலக்ட்ரானிக் எதுவும் இல்லை. ஃப்ளைவீலில் காந்தம், அதன் பக்கத்தில் காயில், அடியில் பாயிண்ட், கண்டென்சர். பரணில் வருஷக்கணக்காகக் கிடந்த மெஷினில் பாயிண்ட் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத களிம்பு படிந்திருக்கும். உப்புத்தாளால் இலேசாக ஒரு தேய், பிறகு ஒரு விசிட்டிங் கார்டை இடையில் விட்டு இழுத்துத் துடை, ஹோம்லைட் என்றால் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வை. செத்துப்போனது என்று ஒதுக்கிய மெஷின்களில் பல இந்த ஒரு வேலையிலேயே எழுந்து உட்காரும். ஃப்ளைவீல் நட்டைக் கழற்றும்போது பிஸ்டன் சுற்றாமல் நிற்க வேண்டுமே? பிளக் துவாரம் வழியாகக் கொஞ்சம் கயிற்றை உள்ளே தள்ளிவிடுகிறார்கள். பிஸ்டன் அதில் முட்டி நின்றுகொள்ளும். கிளட்ச் பக்கம் பெரும்பாலும் தலைகீழ் மரை, அதாவது வழக்கமாக இறுக்குகிற திசையில் திருப்பினால்தான் கழலும். அது தெரியாமல் முறுக்கி உடைத்தவர்களின் கிராங்க்குகள் உதிரிப்பாகப் பெட்டியில் கிடந்தன.

பிடித்துப்போன இன்ஜினுக்கு வைத்தியம் பொறுமைதான். பிளக் துவாரத்தில் ஊடுருவும் எண்ணெயை ஊற்றி நாள் கணக்கில் விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டுச் சுத்தியலை எடுத்தால் கதை முடிந்தது. குரோம் பூசிய சிலிண்டரில் பிஸ்டனின் அலுமினியம் அப்பியிருந்தால், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் தடவுகிறார்கள். அலுமினியம் நுரைத்துக் கரைந்ததும் உடனே துடைத்துவிட்டால் குரோம் தப்பிக்கிறது. சிலிண்டரின் உட்புறம் வெறும் இரும்பாக இருந்தால் இந்த வித்தை ஆகாது, அமிலம் இரும்பையும் தின்றுவிடும்.

பெட்ரோலைப் பற்றிப் பேச்சு வந்ததும் எல்லாரும் ஒரே குரலில் திட்டினார்கள். அறுபதுகளில் செய்த ரப்பர் குழாயும் டயஃப்ரமும் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குவதில்லை. ஊதிப்போகும், இல்லையென்றால் அட்டை போல விறைத்துப்போகும். எத்தனால் கலக்காத பெட்ரோல் எந்த பங்க்கில் கிடைக்கும் என்ற தகவலை இவர்கள் மீன்பிடிக்கும் இடத்தைச் சொல்வதுபோல ரகசியமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். 20 சதவீத எத்தனால் பற்றி நம் ஊரில் நடக்கும் வாக்குவாதத்தை மச்சான் அவர்களுக்கு விளக்க, கொட்டகை கொஞ்ச நேரம் இந்தியாவுக்காகவும் வருத்தப்பட்டது.

மஞ்சள் மெக்கலக் ஒன்றை மடியில் வைத்துக் கார்ப்பரேட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தார், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா. தன் அப்பாவின் மெஷின் என்றார். “இதைச் செய்த கம்பெனி இப்போது இல்லை. ஆனால் இந்த டயஃப்ரம் நேற்றுத்தான் தபாலில் வந்தது” என்று புதிய உறையைக் காட்டினார். டில்லட்சன் கார்ப்பரேட்டருக்கான கேஸ்கெட், டயஃப்ரம் அடங்கிய கிட் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது.

மெக்கலக் கம்பெனியின் கதையைத் தனியாகவே சொல்லலாம். அதன் அதிபர் ராபர்ட் மெக்கலக் 1960-களின் முற்பகுதியில் அரிசோனா பாலைவனத்தில் லேக் ஹவாசு சிட்டி என்ற ஊரை உருவாக்கினார். ஊருக்கு ஆட்கள் வர ஏதாவது வேண்டுமே என்று, லண்டன் மாநகரம் விற்பனைக்குப் போட்ட லண்டன் பாலத்தை 1968-இல் 24,60,000 டாலருக்கு வாங்கினார். 1831-இல் கட்டிய பாலம். கற்களுக்கு எண் போட்டுக் கப்பலேற்றி, பாலைவனத்தில் மறுபடி அடுக்கி, 1971 அக்டோபரில் திறந்தார்கள். முதலில் பாலத்தைக் கட்டிவிட்டு, பிறகு அடியில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டார்கள். பாலம் இன்றும் நிற்கிறது. கம்பெனி 1999-இல் திவாலாகி, பெயர் கைமாறிப் போனது. ஹோம்லைட்டும் அப்படித்தான், டெக்ஸ்ட்ரான், பிறகு ஜான் டீர் என்று கை மாறிக்கொண்டே இருந்தது. இந்த மெஷின்களைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்க இன்று அவற்றைச் செய்தவர்களின் சர்வீஸ் சென்டர் எதுவும் இல்லை. அப்படியும் அந்த அம்மாவின் மெஷின் சாப்பாட்டுக்கு முன்பே புகையைக் கக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆகிவிட்டது.

சாப்பாட்டின்போது பெரிய விவாதம் பெயின்ட்டைப் பற்றி. வாங்கியவுடன் துருவை நீக்கிப் புதுப்பெயின்ட் அடிப்பவர்கள் ஒரு கட்சி. தேய்ந்த கைப்பிடியும் சுரண்டிய பெயின்ட்டும்தான் அந்த மெஷினின் வேலைச் சரித்திரம், அதை அழிக்காதே என்பவர்கள் இன்னொரு கட்சி. மச்சான் இரண்டாவது கட்சி. “பெயின்ட் அடிச்சா அலமாரிக்குப் போயிடும் மாப்ள. அப்புறம் ஓட்ட மனசு வராது. ஓட்டாத இன்ஜின்ல சீல் காஞ்சுபோகும்.” எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது.

பிறகு வெட்டு. எல்லாரும் ஹெல்மெட், காது மூடி, செயின் பட்டால் சிக்கி நிறுத்தும் இழைவைத்த கால்கவசம் அணிந்துகொண்டார்கள். இதில் யாருக்கும் விலக்கு இல்லை. பழைய மெஷின்களில் செயின் பிரேக் கிடையாது. பாரின் நுனி மரத்தில் முட்டினால் மெஷின் கண்மூடித் திறப்பதற்குள் முகத்தை நோக்கி எகிறும். அதை நிறுத்தும் பிரேக் பரவலாக வந்தது 1970-களில்தான். பலவற்றில் பாருக்கு எண்ணெய் விடவும் கட்டைவிரலால் ஒரு பொத்தானை அடிக்கடி அமுக்க வேண்டும்.

கார்ப்பரேட்டரை அவர்கள் காதால் செட் செய்கிறார்கள். வெறுமனே முழு ரேஸில் ஓடும்போது சத்தம் கொஞ்சம் தடுமாறித் திக்க வேண்டும். பெட்ரோல் சற்று மிகுதியாகப் போகிறது, எண்ணெயும் கூடவே போகிறது என்பதற்கு அடையாளம் அது. கட்டையில் வைத்து அழுத்தியதும் திக்கல் நின்று குரல் சீராக வேண்டும். வெறும் ஓட்டத்திலேயே குரல் தெளிவாகக் கீச்சென்று இருந்தால் உடனே நிறுத்தச் சொல்கிறார்கள், பிஸ்டன் வெந்துவிடும். அந்த அம்மாவின் மெக்கலக் திக்கித் திக்கி நின்று, கட்டையைத் தொட்டதும் ஒரே சுருதியில் இறங்கியது. வட்டமாக ஒரு சில்லு விழுந்தது. அதை இங்கே குக்கீ என்பார்கள். வேலைக்கு ஆகாத, மெஷின் ஓடுகிறது என்று காட்ட மட்டுமே வெட்டும் சில்லு. முதல் குக்கீயில் பேனாவால் தேதி எழுதித் தன் வண்டியில் வைத்துக்கொண்டார்.

எனக்கும் ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள், பின்னால் ஒருவர் நின்றுகொள்ள. இறக்கி வைத்த பிறகும் முழங்கை வரை அதிர்வு அடங்கவில்லை. பக்கத்தில் நின்ற முதிய மரவெட்டி தன் விரல்களை விரித்துக் காட்டினார். குளிர் நாட்களில் நுனிகள் வெளுத்து மரத்துப்போகும் என்றார். அதிர்வில் விரலின் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கெட்டுப்போவதால் வரும் நோய் அது. 1960-களின் நடுவிலும் பிற்பகுதியிலும் ஸ்டீல், ஹஸ்க்வர்னா போன்ற கம்பெனிகள் ரப்பர் தாங்கிகள் வைத்து அதிர்வைக் குறைக்கத் தொடங்கின. அதற்கு முன் ஓட்டியவர்களுக்குக் கைதான் ரப்பர் தாங்கி. அவர் தன் பழைய மெஷினை மாதம் ஒரு குக்கீ வெட்ட மட்டும் எடுக்கிறார். வீட்டுக்கு விறகு வெட்டப் புது மெஷின்.

26-க்குத் திரும்பி எல்சியில் கேம்ப் 18 உணவகத்தில் நிறுத்தினோம். கட்டடமே பார்க்க வேண்டியது. கூடத்தின் முகட்டில் 85 அடி நீளத்துக்கு ஒரே மரம் ஓடுகிறது, எடை ஏறத்தாழ 25 டன். வெளியே மரம் இழுத்த நீராவி இன்ஜின்களும் ரயில் பெட்டிகளும் மழையில் நிற்கின்றன. காட்டு வேலை செய்தவர்களுக்கு நினைவிடமும் உண்டு. அத்தனை பெரிய மரத்தை இனி இந்தப் பக்கம் எளிதில் காண முடியாது என்பதையும் அந்த முகடே சொல்லிவிடுகிறது. இலவங்கப்பட்டை போட்ட ரோல் ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்குப் போதும்.

கடற்கரையோடு தெற்கே இறங்கி, டில்லமூக்கிலிருந்து 6-ஆம் எண் சாலையில் திரும்பினோம். வில்சன் ஆற்றோரம் போகும் சாலை. இங்கே மரங்கள் ஏறத்தாழ ஒரே வயது, ஒரே உயரம். காரணம் தீ. 1933 ஆகஸ்ட் 14 அன்று கேல்ஸ் க்ரீக் பள்ளத்தாக்கில் மரம் வெட்டும் இடமொன்றில் பிடித்த தீ பெருங்காட்டை அழித்தது. 1939, 1945, 1951 என்று ஆறு ஆறு வருஷ இடைவெளியில் மறுபடி எரிந்தது. மொத்தம் 3,55,000 ஏக்கர். எரிந்து நின்ற மரங்களை வெட்டி எடுக்கும் வேலை அந்த வருஷங்களில் நடந்தது, கைவாளிலிருந்து செயின்சாவுக்கு மரவெட்டிகள் மாறிய காலமும் அதுதான். 1949 முதல் 1973 வரை 7.2 கோடி கன்றுகளை நட்டார்கள், பள்ளிப் பிள்ளைகளும் நட்டார்கள். சாலையோரம் இருக்கும் டில்லமூக் வன மையத்தில் இந்த வரலாற்றைப் பார்க்கலாம். தொங்கு பாலத்தைத் தாண்டிக் காட்டுக்குள் நடந்தால் பழைய அடிக்கட்டைகள் தென்படும். ஆள் உயரத்தில் அறுத்து, பக்கத்தில் பலகை செருகிய குழி இருந்தால் கைவாள் காலத்தது. வெட்டியவர்கள் அடிமரத்தின் புடைப்பைத் தவிர்க்கப் பலகைமேல் ஏறி நின்று அறுத்தார்கள்.

கோடையில் தீ அபாயம் ஏறினால் இந்தக் காடுகளில் செயின்சா ஓட்டக் கட்டுப்பாடு வரும். இன்ன நேரத்துக்குப் பிறகு ஓட்டக்கூடாது, மண்வெட்டியும் தீயணைப்பானும் கையருகே இருக்க வேண்டும். பழைய மெஷின்களில் பலவற்றில் தீப்பொறி தடுப்பான் இல்லை. அதனால் மச்சானும் கூட்டாளிகளும் கோடையில் காட்டுப் பக்கம் அவற்றைக் கொண்டுபோவதில்லை. மழைக்காலத்தில், விழுந்த கட்டையில், தங்கள் நிலத்தில் மட்டும் ஓட்டுகிறார்கள்.

இந்த மெஷின்கள் நல்லவை என்று நான் சொல்லமாட்டேன். ஆட்களின் விரலைக் கெடுத்தன, ஆயிரம் வருஷ மரங்களைக் கணக்கில்லாமல் சாய்க்க உதவின. தினப்படி வேலைக்கு இவற்றை எடுப்பது முட்டாள்தனம் என்று இவற்றை நேசிக்கிறவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் அறுபது வருஷத்துக்கு முன் இவற்றை வடிவமைத்தவர்கள் ஒரு காரியம் சரியாகச் செய்தார்கள். ஒரு திருப்புளியும் இரண்டு ஸ்பேனரும் இருந்தால் யாரும் திறக்கலாம், பார்த்தால் புரியும், தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்றலாம். அதனால்தான் செய்த கம்பெனி போன பிறகும் மெஷின் ஓடுகிறது. ஒட்டி மூடி, பழுதானால் முழுசாக மாற்று என்று வரும் இன்றைய சாமான்களில் எதற்கும் இந்த ஆயுசு கிடைக்கப்போவதில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தா வாங்கிய மண்ணெண்ணெய் பம்ப்செட்டோ அப்பாவின் டூ-ஸ்ட்ரோக் வண்டியோ கிடக்கலாம். பழைய இரும்புக்காரர் வரும்போது எடை போடுவதற்கு முன், அக்கம்பக்கத்தில் வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டுப் பாயிண்ட்டையும் கார்ப்பரேட்டரையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். விற்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.